லிங்க்கை அழுத்துறதுக்கு முன்னாடி படிங்க: ஒவ்வொரு லிங்க்கிடமும் கேட்க வேண்டிய 3 கேள்விகள்



ஜூலை மாசம் ஐடிஆர் ஃபைல் பண்ணிட்டு, ரீஃபண்ட் எப்ப வரும்னு காத்துட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ஒருநாள் போன்ல ஒரு மெசேஜ் வருது: "உங்கள் ரீஃபண்ட் ரூ.15,490 அனுமதிக்கப்பட்டுள்ளது. வங்கிக் கணக்கு எண் பொருந்தவில்லை. கீழே உள்ள லிங்க்கில் உடனே சரிசெய்யவும்."

உங்களுக்கு ரீஃபண்ட் வரவேண்டியது நிஜம். பேங்க் அக்கவுண்ட் சரியில்லன்னா ரீஃபண்ட் நிக்கும்ங்கறதும் நிஜம். மெசேஜ்ல எழுத்துப்பிழை கூட இல்ல. இப்ப அது உண்மையா, பொய்யான்னு எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க? மெசேஜை எத்தனை தடவை படிச்சாலும் பதில் கிடைக்காது. பதில் அந்த லிங்க்ல இருக்கு.

"தெரியாத லிங்க்கை கிளிக் பண்ணாதீங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சம்பளம் வாங்கற ஒருத்தர் வாழ்க்கையில இன்னைக்கு எது லிங்க் இல்லாம நடக்குது? ஆஃபர் லெட்டர், கேஒய்சி, இன்சூரன்ஸ் ரினியூவல், எஸ்ஐபி, கிரெடிட் கார்டு எல்லாமே லிங்க்தான். அதனால ஒதுங்கிப் போறதை விட, லிங்க்கைப் படிக்கக் கத்துக்கறது நல்லது. கேட்க வேண்டிய கேள்வி மூணே மூணுதான்:

1. இது எங்கே கூட்டிட்டுப் போகுது?
2. அங்கே போனதும் என்ன செய்யும்?
3. நான் கிளிக் பண்ணா யாருக்கு லாபம்?

ஒவ்வொண்ணா பார்ப்போம். ஒரு சின்ன விஷயம்: வெப்சைட் முகவரிகளை இங்கே தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன். நீங்க வாசிச்சுப் பார்த்து, ஆங்கிலத்துல டைப் பண்ணிக்கோங்க.

கேள்வி 1: எங்கே போகுது?

தெரியற எழுத்து வேற, உள்ளே இருக்கற முகவரி வேற

ஒரு லிங்க்குக்கு ரெண்டு பாகம் உண்டு. ஒண்ணு, கண்ணுக்குத் தெரியற எழுத்து. இன்னொண்ணு, பின்னாடி ஒளிஞ்சிருக்கற முகவரி. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. மேலே "வருமான வரித்துறை"ன்னு எழுதிட்டு, உள்ளே எந்த முகவரியை வேணும்னாலும் வைக்கலாம். ஏன், மேலே வருமான வரித்துறையோட சரியான முகவரியையே எழுத்தா போட்டுட்டு, உள்ளே வேற முகவரி வைக்கவும் முடியும். பட்டன், படம், பேனர் எல்லாமும் லிங்க்தான். அதுல முகவரி வெளியே தெரியவே தெரியாது.

லேப்டாப்ல பார்க்கறீங்கன்னா, மவுஸை லிங்க் மேல கொண்டு போய் நிறுத்துங்க, கிளிக் பண்ணாதீங்க. பிரவுசரோட அடியில, இடது மூலையில நிஜ முகவரி தெரியும். போன்ல, லிங்க் மேல விரலை அழுத்திப் பிடிச்சா ஒரு மெனு வரும். அதுல முகவரி தெரியும், இல்லன்னா காப்பி பண்ணி நோட்ஸ்ல ஒட்டிப் பாருங்க.

பஸ் போர்டு மாதிரி படிங்க

சரி, நிஜ முகவரி கிடைச்சாச்சு. அதை எந்தப் பக்கத்துல இருந்து படிக்கணும்? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

தாம்பரத்துல நிக்கறீங்க. ஒரு பஸ் போர்டுல விழுப்புரம், பெரம்பலூர், திருச்சின்னு போட்டிருக்கு. அது எந்த ஊர் பஸ்? திருச்சி பஸ். மத்ததெல்லாம் வழி. லிங்க்கும் அப்படித்தான். முகவரியில ஹெச்டிடிபிஎஸ்க்கு அப்புறம் வர்ற இரட்டை ஸ்லாஷைத் தாண்டி, முதல் ஒற்றை ஸ்லாஷ் எங்கே இருக்குன்னு பாருங்க. அதுக்கு ஒட்டி இடது பக்கம் இருக்கற பேர்தான் போய்ச் சேர்ற ஊர். அதுக்கும் முன்னாடி இருக்கறதெல்லாம் அந்த வெப்சைட் ஓனர் இஷ்டத்துக்கு வெச்சுக்கற பேர்.

வருமான வரித்துறையோட உண்மையான முகவரி: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். இப்ப இதைப் பாருங்க: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ரீஃபண்ட்ஹெல்ப் டாட் எக்ஸ்ஒய்இசட். ஆரம்பத்துல அசல் பேர் அப்படியே இருக்கு. ஆனா இது வருமான வரித்துறைக்குப் போகற பஸ் இல்ல. ரீஃபண்ட்ஹெல்ப் டாட் எக்ஸ்ஒய்இசட்ங்கற பேரை யார் வாங்கினாங்களோ, அவங்க வீட்டு வாசலுக்குப் போகுது. போன் ஸ்கிரீன்ல நீளமான முகவரி முழுசா தெரியாம போகலாம். அதனாலதான் நம்பிக்கையான பேரை முன்னாடி வைக்கறாங்க.

இன்னொரு தந்திரம், புள்ளிக்குப் பதிலா சின்னக் கோடு. 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' வேற, 'இன்கம்டாக்ஸ் கோடு கவ் டாட் இன்' வேற. 'கவ் டாட் இன்'ல முடியற முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். கோடு போட்ட பேர் சாதாரண டாட் இன் முகவரி. அதை யார் வேணும்னாலும் காசு கொடுத்து வாங்கலாம்.

பேங்க் விஷயத்துலயும் இப்ப இதே வசதி வந்திருக்கு. இந்திய பேங்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள 'பேங்க் டாட் இன்'ல முடியற முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிச்சு. எஸ்பிஐ முகவரி இப்ப எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன். இந்த முகவரிகளைப் பதிவு பண்ணித் தர்ற ஒரே அமைப்பு ஹைதராபாத்ல இருக்கற ஐடிஆர்பிடி. பேங்க் இல்லாதவங்க இதை வாங்க முடியாது. இங்கயும் அதே எச்சரிக்கை: பேங்க்ங்கற சொல்லுக்கு முன்னாடி புள்ளி இருக்கணும், கோடு இருக்கக் கூடாது.

பூட்டுச் சின்னம் நல்லவங்கன்னு சொல்லாது

"பூட்டு இருந்துச்சு, ஹெச்டிடிபிஎஸ் இருந்துச்சு, அதான் நம்பினேன்"னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. பூட்டுக்கு அர்த்தம், உங்க போனுக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவுல யாரும் ஒட்டுக் கேட்க முடியாதுங்கறது மட்டும்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவர் யாருன்னு அது சொல்லாது. திருடனும் ஹெச்டிடிபிஎஸ் வாங்கலாம், அதுவும் இலவசமா. மக்கள் பூட்டைத் தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னுதான் 2023 செப்டம்பர்ல குரோம் பிரவுசர் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துட்டு வேற சின்னம் வெச்சது.

வெளியே கூட்டிட்டுப் போற லிங்க் எல்லாம் திருட்டு இல்ல

ஒரு வெப்சைட்ல ரெண்டு வகை லிங்க் இருக்கும். அதே சைட்டோட இன்னொரு பக்கத்துக்குப் போறது ஒண்ணு, வேற சைட்டுக்குப் போறது இன்னொண்ணு. ரெண்டாவது வகையைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், பேரை மட்டும் பாருங்க.

நல்ல உதாரணம் நம்ம இன்கம்டாக்ஸ் போர்ட்டலே. லாகின் பண்ணி 26ஏஎஸ் பார்க்கப் போனா, "நீங்கள் வேறு தளத்துக்குச் செல்கிறீர்கள்"ங்கற மாதிரி ஒரு அறிவிப்பு வரும். கன்ஃபர்ம் கொடுத்தா ட்ரேசஸ் சைட் திறக்கும். அதோட முகவரி டிடிஎஸ்சிபிசி டாட் கவ் டாட் இன். ஏஐஎஸ் பார்க்கப் போனாலும் இதே மாதிரி வேற சைட்டுக்குத்தான் போகும். பேர் மாறுது, ஆனா முடிவு 'கவ் டாட் இன்'தான். ஒரு ஒழுங்கான சைட் உங்களை வெளியே அனுப்பும்போது சொல்லிட்டு அனுப்பும்.

சுருக்கு லிங்க்: முகத்தை மூடிக்கிட்டு வர்றது

பிட்லி மாதிரி சேவைகள் நீளமான முகவரியைச் சின்னதா சுருக்கித் தரும். அதுல போய்ச் சேர்ற ஊரே தெரியாது. பிட்லி லிங்க்கா இருந்தா, கடைசியில ஒரு கூட்டல் குறி சேர்த்து பிரவுசர்ல போடுங்க. நேரா உள்ளே போகாம, அது எங்கே போகுதுங்கற தகவலைக் காட்டும். பணம் சம்பந்தப்பட்ட விஷயத்துல சுருக்கு லிங்க் வந்தா, அதைத் திறக்காம இருக்கறதே நல்லது.

எஸ்எம்எஸ்ல ஒரு பாதுகாப்பு உண்டு. முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் இருக்கற கமர்ஷியல் மெசேஜை டெலிகாம் கம்பெனிகள் தடுக்கணும்னு 2024 அக்டோபர் 1 முதல் ட்ராய் விதி இருக்கு. அனுப்பினவர் பேரோட கடைசியில கோடு போட்டு ஒரு ஆங்கில எழுத்தும் வரும்: அரசுன்னா ஜி, சர்வீஸ்னா எஸ், ட்ரான்சாக்ஷன்னா டி, ப்ரமோஷன்னா பி. "வருமான வரித்துறை"ன்னு சொல்லிட்டு ஒரு சாதாரண 10 இலக்க நம்பர்ல இருந்து மெசேஜ் வந்தா, அங்கேயே நிறுத்திடலாம். ஆனா இந்த விதியெல்லாம் எஸ்எம்எஸ்க்குத்தான். வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் இந்த வடிகட்டி கிடையாது.

கேள்வி 2: என்ன செய்யும்?

லிங்க்னா ஒரு பக்கம் திறக்கும்னு நினைக்கறோம். எல்லா லிங்க்கும் அப்படி இல்ல.

ஏபிகே லிங்க்: "ட்ராஃபிக் சலான் பார்க்க", "பேங்க் கேஒய்சி அப்டேட் பண்ண"ன்னு வாட்ஸ்அப்ல வரும். அழுத்தினா ஒரு ஆப் ஃபைல் டவுன்லோட் ஆகும். இன்ஸ்டால் பண்ணதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தீங்கன்னா உங்க ஓடிபி எல்லாம் அந்தப் பக்கமும் போகும். இதுக்கு விதிவிலக்கே இல்ல: பேங்க் ஆப், அரசு ஆப் எதுவா இருந்தாலும் ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர்ல நீங்களே தேடி எடுங்க. மெசேஜ்ல வர்ற ஏபிகே வேண்டவே வேண்டாம்.

யுபிஐ லிங்க்: இது அழுத்தினதும் ஜிபே, ஃபோன்பே மாதிரி ஆப்பை நேரா திறக்கும். யாருக்குப் போகணும், எவ்வளவு போகணும்ங்கற ரெண்டும் லிங்க்லயே எழுதியிருக்கும். நீங்க பின் போட்டா போதும். வீட்டு வாடகை, கடை பில்லுக்கு இது வசதிதான். ஆனா "பரிசு விழுந்திருக்கு, கேஷ்பேக் வாங்க இதை அழுத்துங்க"ன்னு வந்து யுபிஐ பின் கேட்டுச்சுன்னா, உங்க பணம் வெளியே போகப் போகுதுன்னு அர்த்தம். பணம் வாங்கறதுக்கு பின் தேவையே இல்ல. பின் போடறதுக்கு முன்னாடி, ஆப் காட்டற பேங்க்ல பதிவான பேரையும் தொகையையும் ஒரு தடவை வாசிங்க.

கால் லிங்க்: அழுத்தினா நேரா டயல் பேடுக்குப் போகும். கூகுள்ல "கஸ்டமர் கேர்"னு தேடி, முதல்ல வர்ற நம்பரைத் தட்டறது ஆபத்தான பழக்கம். உங்க டெபிட் கார்டு பின்பக்கத்துல நம்பர் அச்சாகி இருக்கு. அதை இன்னைக்கே கான்டாக்ட்ல சேவ் பண்ணுங்க.

அப்ளை லிங்க்: இது திருட்டு இல்ல, ஆனா விளைவு உண்டு. "உங்க எலிஜிபிலிட்டி பாருங்க"ன்னு நாலு சைட்ல பான் நம்பர் கொடுத்து, கீழே இருக்கற சம்மதப் பெட்டியை டிக் பண்ணிட்டு வர்றோம். லோனுக்கோ கார்டுக்கோ விண்ணப்பமா பதிவாச்சுன்னா, அந்த பேங்க் உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தது என்கொயரியா ரிப்போர்ட்ல பதிவாகும். கொஞ்ச நாளுக்குள்ள நிறைய என்கொயரி இருந்தா, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது "இவர் பணத்துக்கு அலையறார்"ங்கற தோற்றம் வரும். டிக் பண்றதுக்கு முன்னாடி, எதுக்குச் சம்மதம் கேட்கறாங்கன்னு அந்த ரெண்டு வரியைப் படிங்க.

கேள்வி 3: யாருக்கு லாபம்?

இது மோசடி பத்தின பகுதி இல்ல. சட்டப்படி சரியான லிங்க்கும் உங்க பாக்கெட்ல கை வைக்கலாம். இதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல.

கூகுள்ல "பெஸ்ட் டேர்ம் இன்சூரன்ஸ்"னு தேடினா மேலே வர்ற சில லிங்க்குல "ஸ்பான்சர்டு"ன்னு சின்னதா போட்டிருக்கும். காசு கொடுத்து வாங்கின இடம் அது. "பெஸ்ட்"ங்கறதுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்ல.

அடுத்தது அஃபிலியேட், ரெஃபரல் லிங்க். முகவரியில ஒரு கேள்விக்குறி வந்து, அதுக்கப்புறம் யுடிஎம், ரெஃப்னு நீளமா ஏதாவது இருக்கும். யுடிஎம்ங்கறது நீங்க எங்கேருந்து வந்தீங்கன்னு கணக்கு வைக்கறதுக்கு. ரெஃப் மாதிரி வர்றது பெரும்பாலும் யார் அனுப்பினாங்கன்னு சொல்ற அடையாளம். நீங்க வாங்கினா அவருக்கு கமிஷன் போகும். தப்பே இல்ல. ஆனா சொல்லிட்டுப் பண்ணணும். இன்ஃப்ளூயன்சர்கள் விளம்பரம்னா விளம்பரம்னு குறிப்பிடணும்னு விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஒரு வீடியோவுல சொல்லாம, டிஸ்கிரிப்ஷன் லிங்க்ல மட்டும் ரெஃபரல் கோடு இருந்தா, அந்த ரிவ்யூவைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக் கேளுங்க. நம்ம சேனல் டிஸ்கிரிப்ஷனுக்கும் இதே பரிசோதனை பொருந்தும், தாராளமா பண்ணுங்க.

இதுல பெரிய தொகை மியூச்சுவல் ஃபண்ட் லிங்க்லதான். ஒரே ஃபண்டுக்கு டைரக்ட், ரெகுலர்னு ரெண்டு பிளான் இருக்கு. டைரக்ட் பிளான் 2013 ஜனவரி 1 முதல் இருக்கு. ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் கொடுத்த லிங்க் வழியா உள்ளே போனா, அவரோட ஏஆர்என் நம்பர் லிங்க்கோடயே ஒட்டிக்கிட்டு வரும். அந்த வழியில முதலீடு பண்ணா நீங்க வாங்கறது ரெகுலர் பிளான். அவருக்குப் போற கமிஷன் ஃபண்டோட செலவுல சேரும். அது உங்க அக்கவுண்ட்ல தனியா கழியாது. அதனால உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு கணக்கு போடுவோம். மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, 20 வருஷம். நீங்க போடறது 24 லட்சம். ஆண்டுக்கு 12% வளர்ச்சின்னா ஏறக்குறைய 99.9 லட்சம் ஆகும். 1% செலவு கூடி 11% வளர்ச்சின்னா ஏறக்குறைய 87.4 லட்சம். வித்தியாசம் சுமார் 12.5 லட்சம். இந்த 12%, 1% எல்லாம் கணக்குக்காக எடுத்தது. ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், வளர்ச்சிக்கு உத்தரவாதமும் கிடையாது. ஆனா ஒரு லிங்க்கோட விலை எவ்வளவு வரைக்கும் போகலாம்ங்கறது புரியும்.

ரெகுலர் பிளான் கெட்டதுன்னு நான் சொல்லல. மார்க்கெட் விழும்போது பயந்து விக்காம உங்களைப் பிடிச்சு வைக்கற, வருஷா வருஷம் உட்கார்ந்து பேசற டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அந்தப் பணம் நியாயமான கூலி. வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் ஃபார்வர்ட் பண்ணதோட காணாமப் போறவருக்கு எதுக்கு? பணம் கட்டறதுக்கு முன்னாடி ஸ்கீம் பேர்ல 'டைரக்ட்'னு இருக்கா, 'ரெகுலர்'னு இருக்கான்னு பாருங்க. ஏற்கெனவே போட்டிருந்தா ஸ்டேட்மெண்ட்ல பாருங்க.

சரி, அந்த ரீஃபண்ட் மெசேஜ்?

இப்ப நமக்குத் தெரியும். அக்கவுண்ட் சரியில்லாததால நிஜமாவே ரீஃபண்ட் நின்னிருந்தா, அதைச் சரிசெய்யற இடம் போர்ட்டலுக்குள்ளதான். இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்னு நீங்களே டைப் பண்ணி லாகின் பண்ணுங்க. ப்ரொஃபைல்ல 'மை பேங்க் அக்கவுண்ட்' போய் அக்கவுண்ட்டை வேலிடேட் பண்ணுங்க, அப்புறம் சர்வீசஸ்ல 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கொடுங்க. ரீஃபண்ட் நிக்கலன்னா அங்கேயே தெரிஞ்சுடும், மெசேஜ் பொய். கார்டு நம்பர், பின், ஓடிபி எதையும் வருமான வரித்துறை மெயில்லயோ போன்லயோ கேட்காது.

நோட்டீஸ்னு பிடிஎஃப் வந்து பயமுறுத்தினாலும் வழி இருக்கு. 2019 அக்டோபர் 1 முதல் துறையோட கடிதங்களுக்கு டின்ங்கற ஆவண எண் உண்டு. போர்ட்டல் முகப்புப் பக்கத்துல நோட்டீஸை ஆதென்டிகேட் பண்ற வசதி இருக்கு. லாகின் கூட வேண்டாம். எண்ணைப் போட்டுப் பாருங்க.

ஏற்கெனவே கிளிக் பண்ணிட்டீங்களா?

பதட்டப்படாம, எதுவரைக்கும் போனீங்கன்னு யோசிங்க.

- பக்கம் திறந்துச்சு, எதுவும் டைப் பண்ணல: மூடிடுங்க. பெரும்பாலும் இதோட முடிஞ்சது.
- பாஸ்வேர்ட், கார்டு விவரம் கொடுத்துட்டீங்க: பாஸ்வேர்டை மாத்துங்க, பேங்க் ஆப்ல கார்டை பிளாக் பண்ணுங்க.
- ஏபிகே இன்ஸ்டால் ஆயிடுச்சு: உடனே நெட்டை ஆஃப் பண்ணுங்க, வேற போன்ல இருந்து பேங்க்குக்கு போன் பண்ணுங்க, அப்புறம் அந்த ஆப்பை நீக்குங்க.
- பணம் போயிடுச்சு: பேங்க்குக்கும் 1930க்கும் உடனே போன். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகாரும் பதிவு பண்ணுங்க.

"உடனே"ங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6ல வெளியிட்ட சர்க்குலர்படி, நீங்களே விவரத்தைக் கொடுத்து பணம் போயிருந்தா, நீங்க பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் ஆன நஷ்டம் முழுக்க உங்களோடது. சொன்னதுக்கு அப்புறம் போற பணம் பேங்க்கோட பொறுப்பு. அதாவது வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்கற ஒவ்வொரு மணி நேரமும் உங்க கணக்குலதான் எழுதப்படும். போன் பண்ணதும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோட குறிச்சு வைங்க. சொன்னீங்கங்கறதுக்கு அதுதான் சாட்சி.

ஒரே ஒரு பழக்கம்

இவ்வளவும் ஞாபகம் இருக்காதுன்னா, இதை மட்டும் வைங்க: படிக்கறதுக்கு லிங்க் வழியா போகலாம், லாகின் பண்ணவோ பணம் கட்டவோ லிங்க் வழியா போகாதீங்க. அதுக்கு உங்க ஆப்பை நீங்களே திறங்க, இல்ல முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க.

இன்னைக்கே ஒரு 5 நிமிஷ வேலை பண்ணிடுங்க: இன்கம்டாக்ஸ் போர்ட்டல், உங்க சம்பள அக்கவுண்ட் பேங்க், பிஎஃப் போர்ட்டல். இந்த மூணு முகவரியையும் வலது பக்கத்துல இருந்து சரிபார்த்து, புக்மார்க் பண்ணி வைங்க. முடிஞ்சா வீட்ல அப்பா, அம்மா போன்லயும் அவங்க பேங்க் முகவரியைப் போட்டுக் கொடுங்க. ரிட்டயர்மெண்ட் பணம் இருக்கறது பெரும்பாலும் அந்த போன் பின்னாடிதான்.

அடுத்த பதிவுல, 26ஏஎஸ்ல ஒரு தொகை, ஏஐஎஸ்ல வேற தொகை காட்டினா எதை நம்பறதுன்னு பார்ப்போம்.